சுத்தியலா, ஷேக்கரா, ஓடும்போதே அளப்பதா: வெர்டிகல் பம்ப்பின் இயல்பு அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க எந்த வழி?

தண்ணீரேற்று நிலையத்தில் ஒரு வெர்டிகல் டர்பைன் பம்ப் நிற்கிறது. உச்சியில் நான்கு போல் மோட்டார், முழு வேகம் 1480 ஆர்.பி.எம். மோட்டாரின் மேல் பேரிங்கில் அதிர்வு எகிறுகிறது. கீழே அடித்தட்டில் கை வைத்தால் சலனமே தெரிவதில்லை. ரோட்டரை பாலன்ஸ் செய்தாயிற்று, அலைன்மென்ட் பார்த்தாயிற்று, பேரிங்கும் மாற்றியாயிற்று. சில வாரம் அடங்கிவிட்டுப் பழையபடி ஏறுகிறது. இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒத்ததிர்வைத்தான். பம்ப் தலையும் மோட்டாரும் சேர்ந்து, தரையில் நட்ட கம்பு போல ஆடும் இயல்பு அதிர்வெண் சுழல் வேகத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1480-ஐ 60-ஆல் வகுத்தால் 24.67 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பு 24-இல் ஆடுகிறதா, 26-இலா, அல்லது எட்டிப்போய் 32-இலா என்பதுதான் கேள்வி.

விடை தேட நான்கு வழிகள் உண்டு. நின்ற நிலையில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, ஷேக்கர் மாட்டிக் குலுக்குவது, வேகத்தை மெல்ல மாற்றி ஓட்டிப் பார்ப்பது, ஓட்டத்தைத் தொடாமல் அதிர்வை மட்டும் நீண்ட நேரம் பதிவு செய்து கணக்கிடுவது. நான்குமே சரியான வழிகள்தான். ஆனால் ஒன்று தரும் விடையை மற்றொன்று தராது. கருவி கையில் இருக்கிறது என்பதற்காக ஒரு வழியைப் பிடித்தால், அழகான வரைபடம் கிடைக்கும், பழுது அப்படியே இருக்கும்.

விடை எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். தணிப்பு விகிதம், அதாவது அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று சொல்லும் எண், 1% உள்ள கட்டமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உசுப்பும் அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணோடு சரியாகப் பொருந்தினால், அதே விசை நிலையாக அழுத்தும்போது வளையும் அளவைப்போல் 50 மடங்கு ஆட்டம். 0.97 பங்கில் நின்றால் 16 மடங்கு. 0.8 பங்குக்குத் தள்ளிவிட்டால் 2.8 மடங்குதான். மூன்று விழுக்காட்டு வித்தியாசத்தில் கதை மாறிவிடுகிறது என்பதால் ‘ஏறக்குறைய 25’ என்ற விடை எதற்கும் உதவாது. 15 முதல் 20 விழுக்காடு இடைவெளி வேண்டும் என்று பொறியாளர்கள் வழக்கமாகக் கேட்பதும் இந்தக் கணக்கினால்தான்.

மோட்டார் விற்றவர் தந்த தாளில் ‘ரீட் ஃப்ரீக்வென்சி’ என்று ஓர் எண் இருக்குமே, அது போதாதா என்று பலர் கேட்பதுண்டு. போதாது. அது அசையாத அடித்தளத்தில் மோட்டாரை மட்டும் நிறுத்தினால் வரும் எண். உண்மையில் மோட்டாருக்குக் கீழே கப்ளிங் கைக்கெட்டுவதற்காக ஜன்னல் வெட்டிய டிஸ்சார்ஜ் ஹெட் (தண்ணீர் வெளியேறும் பம்ப் தலை) இருக்கிறது, அதன் கீழே சோல் பிளேட் என்ற அடித்தகடு, தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஊற்றி இறுக்கிய கிரவுட் கலவை, பிறகு கான்கிரீட். ஒவ்வொன்றும் கொஞ்சம் நெகிழும். நிறுவிய பிறகு அதிர்வெண் எப்போதும் அந்தத் தாளில் உள்ளதைவிடக் குறைவாகவே வரும். எவ்வளவு குறைவு என்பதை அளந்தால்தான் தெரியும்.

சுத்தியல்

ஆலைகளில் இதை ‘பம்ப் டெஸ்ட்’ என்பார்கள். முட்டுவது என்ற பொருளில் வந்த சொல் அது, நீரேற்றும் பம்ப்போடு தொடர்பில்லை. முனையில் விசை உணரி பதித்த சுத்தியலால் தட்ட வேண்டும். முடுக்கத்தை உணரும் ஆக்சிலரோமீட்டர் பதிலை அளக்கும். பதிலை விசையால் அதிர்வெண்வாரியாக வகுத்தால் எஃப்.ஆர்.எஃப். (ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் ஃபங்க்ஷன்) வளைவு வரும். அந்த வளைவின் முகடுகள் இயல்பு அதிர்வெண்கள், முகட்டின் அகலம் தணிப்பு. பல புள்ளிகளில் அளந்து, முகட்டு உயரத்தையும் கட்டத்தையும் (ஃபேஸ்) சேர்த்து வைத்தால் அதிர்வு வடிவம் கிடைக்கும்.

இதைச் சின்னப் பொருள்களுக்கான சோதனை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இயல்பு அதிர்வெண்ணும் அதற்குரிய ஆட்ட வடிவமும் சேர்ந்தது ஒரு மோடு. நம் பம்ப்பின் அந்த மோடில் பங்கேற்கும் நிறை 4000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 5.5 கிலோ தலை கொண்ட பெரிய சுத்தியல் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மோதினால் 11 நியூட்டன்-நொடி உந்தம். மோட்டார் உச்சிக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 2.75 மி.மீ. 24 ஹெர்ட்ஸில் அது 0.04 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.04 பங்கு. ஒரு ஜிக்கு 500 மில்லிவோல்ட் தரும் உணரியில் 20 மில்லிவோல்ட் கிடைக்கும், தாராளமாகப் போதும். ஜிக்கு 10 மில்லிவோல்ட் தரும் சின்ன உணரியை ஒட்டினால் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே போய் இரைச்சலில் மூழ்கும். பல இடங்களில் தோற்பது இந்த உணரித் தேர்வில்தான், பழி மட்டும் சுத்தியல் மேல் விழுகிறது.

முனை மென்மையான ரப்பராக இருக்கட்டும். எஃகு முனையால் அதே உந்தத்தைத் தந்தாலும் 25 ஹெர்ட்ஸில் கிடைக்கும் விசை கூடாது. மோதும் நேரம் சுருங்கி விசையின் உச்சம்தான் ஏறும். அது ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் உலோகத்தைக் கணகணவென்று ஒலிக்கவிட்டு உணரியைத் திணறடிக்கும். நமக்குத் தேவையான எல்லைக்குள், இங்கே 100 ஹெர்ட்ஸ் வரை, விசை நிறமாலை 10 முதல் 20 டெசிபெலுக்கு மேல் சரியாமல் இருந்தால் முனை சரியானது.

இனி, பதிவை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் அனலைசரின் அமைப்பு. பெரும்பாலான தவறுகள் ஒளிந்திருப்பது இங்கேதான். 100 ஹெர்ட்ஸ் எல்லை, 800 கோடுகள் என்று வைத்தால் கோட்டுக்குக் கோடு 0.125 ஹெர்ட்ஸ், ஒரு பதிவின் நீளம் 8 நொடி. 400 ஹெர்ட்ஸ் எல்லை, 400 கோடுகள் என்று விட்டுவிட்டால் இடைவெளி 1 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். வெர்டிகல் பம்ப்பில் டிஸ்சார்ஜ் குழாய் திசையில் ஒரு மோடு, அதற்குச் செங்குத்துத் திசையில் இன்னொன்று என்று இரண்டு மோடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஜன்னல் வெட்டிய பக்கம் விறைப்பு குறைவதால் ஒன்று 23-இலும் மற்றது 25-இலும் நிற்கலாம். 1 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அவை ஒட்டிக்கொண்டு ஒரே மொத்தை முகடாகத் தெரியும். அதைத் தணிப்பு அதிகம் என்று படித்துவிடுவார்கள்.

அதைவிட மோசமானது எக்ஸ்பொனென்ஷியல் விண்டோ. அதிர்வு அடங்குவதற்குள் பதிவு முடிந்துவிட்டால், முகடு பக்கத்து அதிர்வெண்களுக்கும் பரவும் கசிவைத் தடுக்க, பதிவின் கடைசியை வலிந்து சுழியத்துக்கு இறக்கும் பெருக்கி அது. மென்பொருளில் ‘ஹேமர்’ என்று தேர்ந்தவுடன் தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்காக இறக்கும் விண்டோ வைத்திருந்தால் அதன் தேய்வு வீதம் நொடிக்கு 4.6. 24 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 151 ரேடியன். 4.6-ஐ 151-ஆல் வகுத்தால் 3%. உண்மையில் 1% தணிப்புள்ள கட்டமைப்பு அறிக்கையில் 4% என்று வரும். 50 மடங்கு பெருக்க வேண்டியது 12 மடங்கு போலத் தெரியும். ‘ஒத்ததிர்வு இருக்கிறது, ஆனால் தணிப்பு நன்றாக உள்ளதால் கவலையில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். இத்தனைக்கும் இங்கே அந்த விண்டோவே தேவையில்லை. 1% தணிப்பில் 24 ஹெர்ட்ஸ் அதிர்வு நூறில் ஒரு பங்காக அடங்க 3 நொடிதான் ஆகும், நம் பதிவோ 8 நொடி. விண்டோ வைத்தே தீர வேண்டிய இடத்தில், அது சேர்த்த தணிப்பை மேலே சொன்ன கணக்கில் கழித்துவிட வேண்டும்.

இரட்டை அடி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுத்தியல் பட்டவுடன் கை விலகாவிட்டால் கட்டமைப்பு திரும்பி வந்து மறுபடி முனையில் மோதும். விசைப் பதிவில் இரண்டு முகடு தெரிந்தால் அந்த அடியைத் தள்ளிவிட்டு மீண்டும் அடிக்கலாம். ஐந்து நல்ல அடிகளின் சராசரி போதும். பதிலில் எவ்வளவு பங்கு நம் அடியால் வந்தது என்று 0 முதல் 1 வரை சொல்லும் கோஹெரன்ஸ், முகட்டின் மேல் 0.95-க்கு மேல் நிற்க வேண்டும். எஃப்.ஆர்.எஃப். பள்ளத்தில் அது விழுந்தால் பயப்பட வேண்டாம், அங்கே பதிலே இல்லாததால் இரைச்சல் மிஞ்சுகிறது. முகட்டின் மேலேயே விழுந்தால் ஏதோ தவறு. பெரும்பாலும் பக்கத்து பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் 1480-இல்தான் ஓடுகிறது, அதன் 24.67 ஹெர்ட்ஸ் தரை வழியாக நேராக நம் முகட்டின் மேலேயே வந்து விழுகிறது. முடிந்தால் அதைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் ஒழுங்கில்லாத இடைவெளிகளில் 25, 30 அடிகள் அடித்துச் சராசரி எடுக்க வேண்டும்.

அடிக்கும் இடம் மோட்டார் உடலின் வார்ப்புப் பகுதி. மின்விசிறி மூடியிலோ டெர்மினல் பாக்ஸிலோ தட்டினால் அந்தத் தகடு தன் கதையைச் சொல்லும். குழாய் இணைந்திருக்க வேண்டும், போல்ட்டுகள் இறுகியிருக்க வேண்டும், பம்ப்பின் செங்குத்துக் குழாயில் (காலம் பைப்) தண்ணீர் நிற்க வேண்டும். பணிமனையில் கட்டி நிறுத்தி எடுத்த அளவு களத்துக்குப் பொருந்தாது.

ஏழு உயரங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு திசை என்று பதினான்கு அளவுகள் எடுத்தால் வடிவம் தெளிவாக வரும். அந்த ஏழில் குறைந்தது இரண்டு, சோல் பிளேட்டிலும் அதைத் தாங்கும் கான்கிரீட்டிலும் இருக்கட்டும். இதைச் சிக்கனம் பார்த்து விடக் கூடாது. வடிவம் கான்கிரீட்டிலிருந்து சோல் பிளேட்டுக்கு ஏறும் இடத்தில் படியாகத் தாவினால் கிரவுட் கழன்றிருக்கிறது என்று பொருள். ஜன்னல் உயரத்தில் சட்டென மடிந்தால் ஹெட்டின் விறைப்பு போதவில்லை. அடியிலிருந்து உச்சிவரை நேர்கோடாகச் சாய்ந்தால் அடித்தளமே சுழல்கிறது. மூன்றுக்கும் ஒரே அதிர்வெண் வரலாம், பரிகாரம் மூன்றும் வேறு. கிரவுட் போன பம்ப்புக்கு ஹெட்டில் ரிப் வைத்துப் பற்றவைத்தால் செலவுதான் மிச்சம்.

வேகத்தை மாற்றி ஓட்டிப் பார்த்தல்

மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவி உள்ள பம்ப்பில் இது கிட்டத்தட்ட இலவசம். பாலன்ஸ் செய்த பிறகும் ரோட்டரில் மிச்சமிருக்கும் அன்பாலன்ஸே (எடைச் சமனின்மையே) உசுப்பும் விசை. சுழல் வேகத்தைக் காட்டும் டேக்கோ வைத்து, 1000-இலிருந்து 1480 வரை 10 ஆர்.பி.எம். படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சுழல் வேக அதிர்வின் வீச்சையும் கட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வீச்சு முகடு எடுக்கும் இடத்தில் கட்டம் 90 பாகை திரும்பி, தாண்டியதும் 180-ஐ நெருங்கினால் அது ஒத்ததிர்வு. வீச்சு மட்டும் ஏறி, கட்டம் அசையாவிட்டால் அது வேகத்தின் இருபடியாக வளரும் அன்பாலன்ஸ் மட்டுமே. இந்தப் பிரிவினையைக் கட்டம் இல்லாமல் செய்ய முடியாது. டேக்கோ இல்லாமல் எடுத்த ரன்-அப் வரைபடத்தை நம்பி யாரும் இரும்பு வெட்ட வேண்டாம்.

ஒவ்வொரு படியிலும் அவசரப்படக் கூடாது. 24.67 ஹெர்ட்ஸ், 1% தணிப்பு என்றால் அதிர்வு நிலைபெறும் காலமாறிலி 0.65 நொடி. அதன் ஐந்து மடங்கு, 3 நொடிக்கு மேல், காத்த பிறகே அளவு எடுக்கலாம். அரை நிமிடம் நின்றால் சராசரியும் நன்றாக வரும். ஒரே ஓட்டமாக வேகத்தை ஏற்றினால் முகடு குட்டையாகி, உண்மையான இடத்தைத் தாண்டித் தெரியும். இறக்கும்போது எதிர்ப்பக்கம் நகரும்.

வி.எஃப்.டி. இல்லாத பம்ப்பில் கோஸ்ட்-டவுன் (மின்சாரத்தை நிறுத்தி, தானாக வேகம் இறங்கும்போது அளப்பது) எடுக்கலாம் என்று சொல்வார்கள். டர்பைனுக்கு அது அருமையான வழி. அது நின்று ஓய நெடுநேரம் ஆகும். தண்ணீர் சுமையோடு ஓடும் பம்ப் சில நொடிகளில் விழுந்துவிடும், முகடு எழும்பவே நேரமிருக்காது. அது மட்டுமல்ல, இயல்பு அதிர்வெண் 25.5-இல் இருந்தால் 1480-க்கு மேலே இருப்பதால் இறங்கும்போது அதைக் கடப்பதே இல்லை.

இந்த வழியின் பெரிய பலம், இயந்திரம் உண்மையில் வாழும் நிலையில் அளக்கிறோம் என்பதுதான். பேரிங்கில் சுமை இருக்கிறது, தண்ணீர் ஓடுகிறது, த்ரஸ்ட் இருக்கிறது. பலவீனம், விசை எவ்வளவு என்று தெரியாது. ஆகவே எஃப்.ஆர்.எஃப். கிடையாது, 200 கிலோ சேர்த்தால் அதிர்வெண் எங்கே போகும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சுத்தியல் விடையை ஊர்ஜிதம் செய்ய இதைவிட நல்ல துணை இல்லை. தனியாக நின்றால் பாதி விடைதான்.

இதோடு குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓடும் வேகத்தில் எல்லாப் புள்ளிகளின் அசைவையும் எடுத்து அசைபடமாகக் காட்டும் ஓ.டி.எஸ். சோதனை, மோடுகளைப் பிரித்துக் கண்டுபிடிக்கும் மோடல் சோதனை அல்ல. அந்த வேகத்தில் அந்த விசைக்கு இயந்திரம் எப்படி ஆடுகிறது என்பதை மட்டும் அது காட்டும். பல மோடுகள் கலந்த ஆட்டம் அது. கேமராவில் பெரிதாக்கிக் காட்டும் படங்களுக்கும் இதே வரம்பு. பார்ப்பதற்குத் தெளிவாக இருப்பதால் மேலாளர்களுக்குப் பிடிக்கும், தவறில்லை. ஆனால் அதில் தெரியும் வடிவத்தை இயல்பு வடிவம் என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் மாடலோடு பொருத்தினால் பொருந்தாது.

ஷேக்கர்

ஷேக்கருக்கு ஒரு மரியாதை உண்டு, செலவும் அதற்கேற்ப. 100 நியூட்டன் தரும் சின்ன இனர்ஷியல் ஷேக்கரே நம் 4000 கிலோ மோடுக்குப் போதும். உச்சியில் விசையை 2 மடங்கு தணிப்பாலும் நிறையாலும் வகுத்தால் நொடிக்கு நொடி 1.25 மீட்டர் முடுக்கம், அதாவது நொடிக்கு 8 மி.மீ. வேகம். சுத்தியல் தருவதைவிட மூன்று மடங்கு, அதுவும் நின்று நிலைக்கும் அதிர்வு.

ஆனால் பொருத்துவதில் கை தேர்ந்திருக்க வேண்டும். ஷேக்கருக்கும் கட்டமைப்புக்கும் நடுவே ஸ்டிங்கர் என்ற மெல்லிய கம்பி. அச்சுத் திசையில் விறைப்பாக, பக்கவாட்டில் நெகிழ்வாக இருப்பது அதன் வேலை. தடிமனான தண்டை மாட்டினால் ஷேக்கரின் நிறையும் விறைப்பும் கட்டமைப்போடு சேர்ந்துவிடும். கோணல் ஒரு மி.மீ. இருந்தாலும் பக்கவிசை உள்ளே போகும், விசை உணரி அதைக் காணாது. விசை உணரி கட்டமைப்பின் பக்கம் இருக்க வேண்டும். ஷேக்கர் பக்கம் வைத்தால் ஸ்டிங்கரின் நிறையும் அளவில் ஏறும். ஒத்ததிர்வில் கட்டமைப்பு தானே எளிதாக ஆடுவதால் ஷேக்கரின் விசை அந்த இடத்தில் குழியாக விழும். எஃப்.ஆர்.எஃப்.பைக் கணிக்க எச்1, எச்2 என்று இரண்டு வாய்ப்பாடுகள் உண்டு. உள்ளீட்டு அலையில் இரைச்சல் அதிகமானால் எச்1 கணிப்பு முகட்டைக் குட்டையாக்கும், அங்கே எச்2 சரியாக இருக்கும். சைகையைப் பர்ஸ்ட் ரேண்டமாக (கொஞ்ச நேரம் சீரற்றுக் குலுக்கிவிட்டு நிறுத்துவதாக) வைத்தால் பதிவு முடிவதற்குள் அதிர்வு அடங்கிவிடும், விண்டோ பிரச்சினையே இல்லை. இந்தச் சோதனைகளின் முறைமையை ஐ.எஸ்.ஓ. 7626 வரிசை வகுக்கிறது. அதில் 2-ஆம் பகுதி பொருத்திய ஷேக்கருக்கு, 5-ஆம் பகுதி சுத்தியல் அடிக்கு.

ஷேக்கர் இல்லாமல் முடியாத இடம் ஒன்று உண்டு: விசை கூடினால் அதிர்வெண் மாறும் கட்டமைப்பு. ரப்பர் மவுன்ட், தளர்ந்த போல்ட், இடைவெளி உள்ள கைடு இவையெல்லாம் அப்படி. ஒவ்வோர் அதிர்வெண்ணாக நின்று நின்று குலுக்கும் ஸ்டெப்டு சைன் முறையில் 10, 30, 100 நியூட்டன் என்று மூன்று அளவில் ஓட்டிப் பார்த்தால் முகடு சாய்ந்து நகர்வது கண்ணெதிரே தெரியும். சுத்தியலில் ஓர் அடியிலேயே பெரிய வீச்சும் சிறிய வீச்சும் கலந்து சராசரியாகிவிடுவதால் இந்த நகர்வு மறைந்துபோகும். சுத்தியலில் மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் முகடு 0.3 ஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை. விமானங்களின் தரை அதிர்வுச் சோதனையில் ஒரே நேரத்தில் பல ஷேக்கர்களை மாட்டுவதற்கும் இது ஒரு காரணம். ஒரே இடத்தில் பெரிய விசையைக் கொட்டாமல் உடல் முழுதும் பரப்பித் தர வேண்டியிருக்கிறது.

நம் பம்ப்புக்கு ஷேக்கர் தேவையா? போல்ட்டுகள் இறுகி, கிரவுட் திடமாக இருந்தால் தேவையில்லை. பொருத்தவே அரை நாள் போகும்.

ஓட்டத்தைத் தொடாமல்

நிறுத்தவே முடியாத இயந்திரம், தட்டவே முடியாத பாலம் என்று சில உண்டு. அங்கே காற்று, போக்குவரத்து, நீர்க்கொந்தளிப்பு இவைதாம் உசுப்பும் விசை. அவற்றை அளக்க முடியாது என்பதால், எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய சமமாக உசுப்புகின்றன என்று எடுத்துக்கொண்டு பதிலை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறோம். எஃப்.டி.டி., எஸ்.எஸ்.ஐ. என்ற கணக்குமுறைகள் இதற்குப் புகழ்பெற்றவை.

பதிவு எவ்வளவு நீளம்? 10-ஐத் தணிப்பு விகிதத்தாலும் மிகக் குறைந்த அதிர்வெண்ணாலும் வகுத்தால் நொடிகளில் விடை. 0.5 ஹெர்ட்ஸ் பாலத்துக்கு 1% தணிப்பில் 2000 நொடி, அதாவது அரை மணிக்குக் கொஞ்சம் அதிகம். 24 ஹெர்ட்ஸ் பம்ப்புக்கு ஒரு நிமிடத்திலேயே ஓரளவு முடியும். ஆனாலும் பம்ப்புக்கு இது இரண்டாம் தேர்வுதான். சுழல் வேகமும் அதன் மடங்குகளும் நிறமாலையில் ஊசிபோல் எழுந்து நிற்கும், கணக்கு அவற்றையும் மோடு என்று எடுத்துக்கொள்ளும். தணிப்பு சுழியத்தை ஒட்டி வருகிறதா என்று பார்த்துக் களையலாம். அதிர்வின் மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று சொல்லும் குர்டோசிஸ் எண்ணும் உதவும்: சைன் அலைக்கு 1.5, சீரற்ற அதிர்வுக்கு 3. இரண்டும் 24.67-இல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. நமக்குச் சந்தேகமுள்ள நிலையும் அதுதானே. வி.எஃப்.டி. இருந்தால் 1300-க்கு இறக்கிப் பதிவு செய்யலாம். ஊசி 21.67-க்கு விலகிப் போய்விடும், மோடு தன் இடத்தில் தனியாகத் தெரியும்.

இன்னொரு குறை: வடிவம் வரும், அதன் அளவீட்டு மதிப்பு வராது. நிறை தெரிய வேண்டுமானால் மோட்டார் உச்சியில் தெரிந்த எடையை ஏற்றி மறுபடி அளக்க வேண்டும். 4000 கிலோவுக்கு 200 கிலோ சேர்த்தால் 24 ஹெர்ட்ஸ் 23.4-க்கு இறங்கும். 50 கிலோ மட்டும் வைத்தால் மாற்றம் 0.15 ஹெர்ட்ஸ். கோட்டு இடைவெளியே 0.125 என்னும்போது அதை வைத்து நிறையைக் கணக்கிட முடியாது.

பாலங்களில் கதை மாறுகிறது. லண்டன் மில்லெனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு, பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. ஆடிய மோடுகள் 0.5-க்கும் 1 ஹெர்ட்ஸுக்கும் இடையில் இருந்தன. மூடிய பிறகு இயந்திரத்தால் குலுக்கியும், ஆட்களை நடக்கவிட்டும் சோதித்தார்கள். இரண்டும் தேவைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆளில்லாத பாலத்தின் அதிர்வெண்ணும் தணிப்பும் எந்த மோடல் சோதனையிலும் வரும். ஆனால் பாலம் அசையும் வேகத்துக்கு ஏற்ப நடப்பவர்களின் பக்கவிசையும் கூடி, தணிப்பையே தின்றுவிட்டது என்பது கூட்டத்தை நடக்கவிட்டதால்தான் தெரிந்தது. அதிர்வை உறிஞ்சும் 37 விஸ்கஸ் டேம்பர்களும், எதிராக ஆடி அதிர்வை அடக்கும் எடைகளான டியூன்டு மாஸ் டேம்பர்கள் பலவும் பொருத்தி 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள்.

முப்பந்தல் வழியாகப் போகிறவர்கள் பார்க்கும் காற்றாலைகளிலும் காற்றே உசுப்புகிறது என்பதால் இந்த முறை பொருந்தும் என்று தோன்றும். கோபுரத்துக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் ரோட்டர் சுழலும்போது இறக்கைகளின் நிலை மாறிக்கொண்டே இருப்பதால், கட்டமைப்பு காலத்தோடு மாறாது என்ற அடிப்படை அனுமானமே உடைகிறது. 15 ஆர்.பி.எம். சுழற்சியில் 0.25 ஹெர்ட்ஸும், மூன்று இறக்கைக்கு 0.75 ஹெர்ட்ஸும் ஊசிகளாக நிற்கும். ரோட்டரை நிறுத்திவைத்துக் காற்றடிக்கும் நேரத்தில் எடுத்த பதிவே கோபுரத்துக்கு நம்பகமானது.

எதிர்முனையில் சிறு பாகங்கள். 200 கிராம் பங்கேற்கும் பிராக்கெட்டில் 10 கிராம் ஆக்சிலரோமீட்டரை ஒட்டினால் அதிர்வெண் 2.4% இறங்கிவிடும். உணரியை நகர்த்தி நகர்த்தி அளந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் அதிர்வெண் கொஞ்சம் மாறி வரும், கர்வ் ஃபிட் குழம்பும். உணரியை ஓரிடத்தில் நிறுத்திச் சுத்தியலை நகர்த்துவதே நல்லது, லேசர் வைப்ரோமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. பிரேக் டிஸ்க் போன்ற வட்டப் பொருளில் ஒரே அதிர்வெண்ணில் இரட்டை மோடுகள் இருக்கும். அவற்றைப் பிரிக்க இரண்டு நிலையான உணரிகளாவது வேண்டும். தனியாகத் தொங்கவிட்டுச் சோதிக்கும்போது எலாஸ்டிக் கயிறு எடையில் 250 மி.மீ. இழுபட்டால் தொங்கும் ஆட்டம் 1 ஹெர்ட்ஸ். முதல் நெகிழ்வு மோடு அதைவிடப் பத்து மடங்கு மேலே இருந்தால் கயிறு கணக்கில் வராது.

நம் பம்ப்புக்கு எது

ஒரு ஷிஃப்ட் நிறுத்தம் கிடைக்குமானால் சுத்தியல்தான் முதலில், இரண்டு திசையிலும், பதினான்கு புள்ளியில். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். மறுநாள் ஓட்டத்தில் டேக்கோவோடு படிப்படியான வேகமாற்றம். இரண்டின் முகடுகளும் அரை ஹெர்ட்ஸுக்குள் ஒத்துப்போனால் மேலே சோதனை வேண்டாம், பரிகாரத்துக்குப் போகலாம். ஓட்டத்தில் முகடு 1 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகி வந்தால் தளர்வு எங்கேயோ இருக்கிறது. போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கி, கிரவுட்டைத் தட்டிப் பார்த்து, மீண்டும் சுத்தியல். அப்போதும் விலகினால்தான் ஷேக்கருக்குச் செலவழிக்கலாம். பம்ப்பை ஒரு மணி நேரம்கூட நிறுத்தத் தர மாட்டார்கள் என்றால் ஓட்டப் பதிவு, அதுவும் வேறு வேகத்தில்.

முகடு 24-இல் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விறைப்பைக் கூட்டிச் சுழல் வேகத்துக்கு 20% மேலே, 29.6 ஹெர்ட்ஸுக்குத் தள்ள வேண்டுமானால் அதிர்வெண் 1.23 மடங்காக வேண்டும். விறைப்பு அதன் இருபடி, 1.52 மடங்கு. ஜன்னலைச் சுற்றி ஃபிரேம் பற்றவைத்து ஐம்பது விழுக்காடு விறைப்பு கிடைக்குமா என்பது அதிர்வு வடிவம் எங்கே மடிகிறது என்பதைப் பொறுத்தது. மடிப்பு ஜன்னலில் இல்லை, கீழே என்றால் அந்த ஃபிரேமால் 2, 3 விழுக்காடுகூட வராது. வி.எஃப்.டி. உள்ள பம்ப்பில் கீழே தள்ளுவது பரிகாரமே ஆகாது. 20-க்கு இறக்கினால் 1200 ஆர்.பி.எம்.மில் அது காத்திருக்கும். அங்கே அந்த வேகத்தை வி.எஃப்.டி.யிலேயே தடைசெய்யலாம், அல்லது மோட்டார் உச்சியில் டியூன்டு மாஸ் டேம்பர் வைக்கலாம்.

எதைச் செய்தாலும், செய்த பிறகு அதே பதினான்கு புள்ளிகளில், அதே 0.125 ஹெர்ட்ஸ் இடைவெளியில், விண்டோ இல்லாமல் மறுபடி எடுக்க வேண்டும். அதற்காக முதல் நாளே புள்ளிகளைப் பெயின்ட் மார்க்கரால் எண்ணிட்டு வைப்பது நல்லது. ரீவைண்டிங் முடிந்து வேறு எடையில் மோட்டார் திரும்பி வரும் நாளிலும் அந்த எண்கள் தேவைப்படும்.